நிறுத்தமில்லாத இடத்தில் இறங்கலாமா?



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பேருந்து என்பது சாதாரண வாகனம் அன்று. பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதில்தான். தீபாவளிக்குத் துணிமணி வாங்கப் பட்டணம் போனதும் அதில்தான். தாயையோ தந்தையையோ பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும் அதில்தான். செம்மண் பாதை சாலையோடு சேரும் தோட்டத்து முச்சந்தியில் நின்று கையைக் காட்டினால் பேருந்து நின்றுவிடும். திரும்பி வரும்போது, "அந்தப் பெரிய மரத்துக்கிட்ட நிப்பாட்டுங்க அண்ணே" என்றால் அங்கேயே இறக்கிவிடுவார்கள். அப்படிப் பழகிய நாம் பட்டணத்துக்குப் போனாலும் அதே பழக்கத்தைத்தான் கையோடு கொண்டு போகிறோம். அங்கேதான் மனத்தாங்கல் தொடங்குகிறது.

ஒரு காட்சியை மனக்கண்முன் கொண்டுவருவோம். செபராங் பிறையில் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாய் புறப்படுகிறார். பட்டர்வொர்த்தில் பெரி ஏறித் தீவுக்கு வந்து, துறைமுகத்தடியில் பேருந்து ஏறுகிறார். ஜாலான் சுங்கை பினாங் ஓரமாக உள்ள அடுக்குமாடி வீட்டில் அவருடைய மகள் குடியிருக்கிறாள். ஒரு கையில் முருங்கைக்கீரையும் தேங்காயும் வைத்த பை, மறு கையில் குடை. மழை பிடித்துக்கொண்டது. சமிக்ஞை விளக்கு சிவப்பாக இருப்பதால் பேருந்து நிற்கிறது. எதிரே மகள் வீட்டு மாடி தெரிகிறது. "நாக், சினி துருன் போலேகா? ஹுஜான் லா" என்று தமக்குத் தெரிந்த மலாயில் கேட்கிறார். ஓட்டுநர் தலையை ஆட்டுகிறார். "சினி தா போலே, மாக்சிக். டெப்பான் அடா பாஸ் ஸ்டொப்" என்கிறார். இங்கே முடியாது, முன்னால் நிறுத்தம் இருக்கிறது என்பது பொருள். பேருந்து போய் நிறுத்தத்தில் நிற்கிறது. தாய் இறங்கி, வந்த வழியே நனைந்துகொண்டு நடக்கிறார். "கல் மனசுக்காரன்! நின்ற வண்டியில் கதவைத் திறந்துவிட்டால் என்ன குறைந்து போகும்?" என்று மகளிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறார்.

அந்த ஓட்டுநர் உண்மையில் கல் மனசுக்காரர்தானா? நிறுத்தம் அல்லாத இடத்தில் பயணியை இறக்கிவிட அவருக்கு உரிமை உண்டா? இதைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவோம். குறிப்பிட்ட வழித்தடத்தில் ஓடும் பேருந்து, குறிப்பிட்ட நிறுத்தங்களில்தான் பயணிகளை ஏற்றி இறக்க வேண்டும். ஆபத்து அவசரம் நேர்ந்தாலோ, காவல்துறையினர் பணித்தாலோ, சாலை அடைபட்டாலோ மட்டும் இதற்கு விலக்கு உண்டு. பயணி கேட்டார் என்பதும், மழை பெய்தது என்பதும், பேருந்து எப்படியும் நின்றுகொண்டுதான் இருந்தது என்பதும் விலக்கு ஆகா. இது ஏன் என்று தெரிந்துகொண்டால் மனத்தாங்கல் பாதி குறையும்.

பினாங்கு மக்களுக்கு நிறுத்தம் என்பது புதிதல்ல. ஜார்ஜ் டவுனில் 1906-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் வண்டிகள் ஓடின. அவை 1936 வரை இருந்தன. மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடிய டிராலி பஸ்கள் 1925-இல் வந்து 1961-இல் மறைந்தன. தண்டவாளத்தில் ஓடுவது நினைத்த இடத்தில் சாலையோரம் ஒதுங்க முடியுமா? ஆகவே மக்கள்தாம் நிறுத்தத்துக்குப் போனார்கள். பிறகு தனியார் பேருந்துகள் பெருகின. நீல பஸ், பச்சை பஸ், மஞ்சள் பஸ் என்று நிறத்தைச் சொல்லியே நம் பெரியவர்கள் அவற்றை அடையாளம் காட்டுவார்கள். 2007-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் ரெப்பிட் பினாங்கு சேவை தொடங்கியது.

அந்தப் பழைய பேருந்துகளில் கண்டக்டர் ஒருவர் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் வாசற்படியருகே நிற்பார். வெளியே தலையை நீட்டிப் பார்ப்பார். பின்னால் வண்டி வருகிறதா என்று கவனித்து, பயணி காலை ஊன்றிய பிறகே மணியடிப்பார். இன்று அந்த ஆள் இல்லை. வண்டியை ஓட்டுவதும், கட்டணத்தைக் கவனிப்பதும், கதவைத் திறந்து மூடுவதும், வழி கேட்பவருக்குப் பதில் சொல்வதும் ஒரே மனிதர்தாம். அவருக்கு உதவியாக இருப்பது கண்ணாடி ஒன்றே. இரண்டு பேர் கண்கொண்டு பார்த்த வேலையை இன்று ஒருவர் பார்க்கிறார். அன்று செய்தார்களே, இன்று ஏன் செய்வதில்லை என்று கேட்குமுன் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமாகச் செல்கின்றன. பேருந்தின் கதவும் இடப்பக்கந்தான். நிறுத்தத்தில் பேருந்து நடைபாதையை ஒட்டி வந்து நிற்கிறது. இறங்குகிறவர் நேராக நடைபாதையில் கால் வைக்கிறார். சமிக்ஞை விளக்கடியில் நிற்கும் பேருந்து அப்படி நிற்பதில்லை. அதற்கும் நடைபாதைக்கும் இடையே சந்து ஒன்று இருக்கும். அந்தச் சந்தில்தான் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து வருகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் கடந்துவிடும். பையைத் தூக்கிக்கொண்டு ஒரு படி இறங்குவதற்குள் அது வந்து மோதிவிடும். பேருந்திலிருந்து இறங்குகிறவருக்கு அது தெரியாது. மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கும் கதவு திறக்கப் போவது தெரியாது. நிறுத்தத்தில் என்றால், ஆட்கள் இறங்குவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நிறுத்தத்தின் பயன் முழுவதும் அதுதான்: எங்கே ஆள் இறங்குவார் என்பதைச் சாலையில் வருகிற எல்லாரும் முன்கூட்டியே அறிந்திருக்கிறார்கள்.

அடுத்தது சாலையோரக் கால்வாய். நம் நாட்டு மழைக்கு ஏற்ப அவற்றை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். மழைநீர் பெருகி வழியும்போதும் இருட்டு நேரத்திலும், சாலை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது ஆபத்து, இறங்கியவர் பேருந்தின் முன்பக்கமாகச் சாலையைக் கடப்பது. பேருந்தின் உயரம் அவரை மறைத்துவிடுகிறது. பேருந்தைத் தாண்டி வேகமாக வரும் காருக்கு, அவர் கடைசி நொடியில்தான் தெரிவார். பிள்ளைகளுக்கு இதை மறக்காமல் சொல்லிக்கொடுங்கள்: பேருந்தை விட்டு இறங்கினால் அது புறப்பட்டுப் போகும்வரை ஓரமாக நில்லுங்கள், பிறகு இருபுறமும் பார்த்துச் சாலையைக் கடவுங்கள். பதறாத காரியம் சிதறாது என்பது பெரியோர் வாக்கு.

மற்றொரு செய்தியும் உண்டு. ஒருவருக்காக ஓர் இடத்தில் நிறுத்தினால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? "அவருக்கு நிப்பாட்டினீங்க, எனக்கு ஏன் இல்லை?" என்பார். ஒரு நிறுத்தலுக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பத்து இடத்தில் நின்றால் ஐந்து நிமிடம் தாமதம். வேலை முடிந்து அடுத்த நிறுத்தத்தில் காத்திருக்கும் நம் தம்பி தங்கைகள்தாம் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கிறார்கள். கோலாலம்பூரில் 1975-ஆம் ஆண்டு முதல் 1998 வரை மினி பஸ்கள் ஓடியதைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். கை காட்டிய இடத்தில் நிற்கும், கேட்ட இடத்தில் இறக்கும் என்று மக்கள் அவற்றை விரும்பியதும் உண்டு. திடீரென்று நிற்கின்றன, முந்தியடித்துக்கொண்டு ஓடுகின்றன என்று அதே மக்கள் அவற்றை ஏசியதும் உண்டு. வசதியும் தொல்லையும் ஒரே பழக்கத்திலிருந்துதான் பிறந்தன.

சட்டம் என்ன சொல்கிறது? பேருந்து நடத்தும் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் உரிமம் பெறவேண்டும். எந்த வழியில் ஓட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அந்த உரிமத்தோடு வருகின்றன. ஓட்டுநரோ 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ உண்டாகும் வகையில் வாகனத்தைச் சாலையில் நிறுத்தி வைப்பது அந்தச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி குற்றம். கவனமின்றி வாகனம் ஓட்டுவதற்கு 43-ஆம் பிரிவு இருக்கிறது. பயணிகளை ஏற்றிச் செல்லும் வாகனத்தை ஓட்டுவதற்குச் சாதாரண உரிமம் போதாது. தனி உரிமம் வேண்டும். அந்த உரிமம் போனால் ஓட்டுநரின் பிழைப்பே போனது. ஒரு தாய்க்கு இரக்கப்பட்டுக் கதவைத் திறந்து, அந்தத் தாய் அடிபட்டுவிட்டால், இரக்கத்துக்காக எந்த நீதிமன்றமும் அவரைச் சும்மா விட்டுவிடாது. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் பிழைத்த நமக்கு, ஒரு தொழிலாளியின் அரிசிப்பானை எவ்வளவு பெரிது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அடிபட்டவருக்கு இதில் என்ன நட்டம் என்பதையும் பாருங்கள். இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தால், அடிபட்டவரின் பங்குக்கும் தவறு இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, அவருடைய தவறுக்கு ஏற்ற அளவு இழப்பீட்டைக் குறைக்கலாம். ஓட்டுநர் வேண்டாம் என்று தடுத்தும், கதவைத் தள்ளிக்கொண்டு நடுச்சாலையில் இறங்கியவருடைய நிலை என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது நாம் சொக்சோ என்று சொல்வது, வேலையிடத்தில் நேரும் விபத்துக்கு மட்டும் உரியதன்று. சொக்சோவில் பதிவு பெற்ற தொழிலாளி வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் அடிபட்டால், அதையும் வேலை தொடர்பான விபத்தாகவே அந்தச் சட்டம் கொள்கிறது. ஆனால் இடையில் சொந்த வேலையாக வேறு வழியில் திரும்பிப் போயிருந்தால் அந்த உரிமை கிடைக்காமல் போகலாம். ஆகவே பேருந்தில் ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டவர் அன்றைக்கே முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். சிறிய காயந்தானே என்று விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து முழங்கால் மடக்க முடியாமல் போனபோது ஓடுவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

விதிக்கு விலக்கும் உண்டு என்றோம். சுங்கை பினாங் வட்டாரத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைத் தாக்கிய பெருமழையில் ஆறு பெருகித் தெருக்களையும் வீடுகளையும் மூழ்கடித்ததை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அத்தகைய நேரத்தில் நிறுத்தமே தண்ணீருக்குள் இருக்கும்போது, மேடான இடம் பார்த்து இறக்கிவிடுவதுதான் அறிவுடைமை. தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் செல்லும் சாலைகளும் தண்ணீர்மலைப் பக்கமும் அடைக்கப்படுகின்றன. பேருந்துகள் மாற்று வழியில் போகின்றன. இறங்கும் இடமும் மாறுகிறது. வண்டி பழுதானாலும், பயணி ஒருவர் மயங்கி விழுந்தாலும், விபத்து நேர்ந்தாலும் அப்படியே. இவற்றில் எல்லாம் ஒரு பொதுத் தன்மை இருப்பதைக் கவனியுங்கள். நிறுத்தம் வரை போவதைவிட இங்கேயே இறங்குவதுதான் பத்திரம் என்ற நிலை. அளவுகோல் பத்திரந்தான், வசதி அன்று.

இந்த அளவுகோலை மறக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. அது நெடுஞ்சாலை. வட-தெற்கு விரைவுச்சாலையின் ஓரமாகத் தோட்டங்கள் பல இருக்கின்றன. விரைவுப் பேருந்தில் ஊர் திரும்பும் சிலர், "அந்த வேலிப் பக்கம் நிப்பாட்டுங்க, குறுக்கே நடந்தால் லயத்துக்குப் போயிடலாம்" என்று ஓட்டுநரைக் கெஞ்சுவதுண்டு. அவசரத் தடம் என்பது அவசரத்துக்கு மட்டுமே. விரைவுச்சாலையில் ஆள் நடமாடக் கூடாது. கார்கள் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்ற இடத்தில் மூட்டையோடு நிற்பது உயிரோடு விளையாடுவதாகும். பட்டர்வொர்த்தில் 2018-இல் திறக்கப்பட்ட பினாங்கு சென்ட்ரல் போன்ற நிலையத்தில் இறங்கி வேறு பேருந்து பிடித்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகும். ஆகட்டுமே! வீடு எங்கும் ஓடிப்போகாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பயணிகள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று முடித்துவிட முடியுமா? முடியாது. இரவு வேலை முடிந்து தனியாகத் திரும்பும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். நிறுத்தத்தில் விளக்கு எரியவில்லை. அங்கிருந்து வீடு வரை ஆளரவமற்ற பாதை. அவளுக்குப் பத்திரமான இடம் நிறுத்தமா, அல்லது வெளிச்சமுள்ள கடை வாசலா? இதே கேள்வியை மற்ற நாடுகளும் கேட்டிருக்கின்றன. கனடாவின் டொரொன்டோ நகரில் 1991-ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு செய்தார்கள். இரவு 9 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையில் தனியே பயணம் செய்யும் பெண், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே இறக்கிவிடும்படி கேட்கலாம். ஒரு நிறுத்தம் முன்னதாகவே ஓட்டுநரிடம் சொல்லிவிட வேண்டும். முன் கதவு வழியாகத்தான் இறங்க வேண்டும். இடம் பத்திரமானதா என்பதை ஓட்டுநர் முடிவு செய்வார். பின்னாளில் அது எல்லாப் பயணிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதே நாட்டின் மொன்ட்ரியால் நகரம் 1996-இல் பெண்களுக்கு இத்தகைய ஏற்பாட்டைச் செய்தது. நமக்கு அண்மையில், கேரள மாநில அரசுப் போக்குவரத்துக் கழகம் 2022-ஆம் ஆண்டில், இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களும் முதியவர்களும் கேட்கும் இடத்தில் பேருந்தை நிறுத்தப் பணித்தது.

இந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கேயும் ஓட்டுநரின் தனிப்பட்ட இரக்கத்துக்கு அதை விட்டுவிடவில்லை. நிறுவனமே விதியை வகுத்து, நேரத்தைக் குறித்து, ஓட்டுநருக்குப் பாதுகாப்பும் கொடுத்தது. இரக்கம் விதியாகிவிட்டால் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்படும் நிலை இராது. நாமும் கேட்க வேண்டியது இதுதான். ஓட்டுநரிடம் சண்டை பிடிப்பதால் ஒன்றும் ஆகாது. குடியிருப்பாளர் சங்கத்தின் வழியாக மாநகர் மன்றத்துக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், பேருந்து நிறுவனத்துக்கும் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதுங்கள். நிறுத்தம் தூரமாக இருந்தால் அருகே ஒன்று அமைக்கக் கேளுங்கள். கூரையில்லாவிட்டால் கூரை கேளுங்கள். விளக்கில்லாவிட்டால் விளக்குக் கேளுங்கள். இரவு நேரத்துக்குத் தனி ஏற்பாடு கேளுங்கள்.

நிறுத்தத்திலேயே நிற்காமல் ஓடிவிடும் பேருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறையாக மணியை அழுத்தியும், நிறுத்தத்தில் கை காட்டியும் பேருந்து நிற்காவிட்டால் அது பயணிக்குச் செய்யும் அநீதி. பேருந்தின் பதிவு எண், வழித்தட எண், நாள், நேரம், இடம் ஆகிய ஐந்தையும் குறித்துப் புகார் செய்யுங்கள். "நேற்று ஒரு பஸ் நிற்கவில்லை" என்று மட்டும் சொன்னால் யாரும் எதுவும் செய்ய முடியாது. அதுபோல, நிறுத்தத்தின் முன்னால் காரை நிறுத்திவிட்டு ரொட்டி சானாய் வாங்கப் போகிறவர்கள் நம்மிலும் உண்டல்லவா? அந்தக் காரால்தான் பேருந்து ஒதுங்க முடியாமல் நடுச்சாலையில் நிற்கிறது. யாரோ ஒரு தாய் நடுச்சாலையில் இறங்குகிறார். அந்தத் தாய் நம் தாயாகவும் இருக்கலாம்.

இப்போது மகள் வீட்டுக்கு நனைந்து சென்ற அந்தத் தாயிடம் திரும்புவோம். அவருக்கு நாம் சொல்லக் கூடியது என்ன? அம்மா, ஏறும்போதே எந்த நிறுத்தம் என்று ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள். ஒரு நிறுத்தம் முன்னதாகவே மணியை அழுத்துங்கள். வண்டி நின்ற பிறகே எழுந்திருங்கள். மகளே, அம்மா வருகிற நேரம் தெரிந்தால் குடையோடு நிறுத்தத்துக்கு வந்து நில். அந்த ஓட்டுநர் கதவைத் திறக்க மறுத்தது உன் தாயை நனைத்தது உண்மைதான். ஆனால் மழை நனைத்த தலையைத் துவட்டிவிடலாம். கதவு திறந்திருந்து, அந்தச் சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருந்தால், முருங்கைக்கீரையும் தேங்காயும் சாலையில் சிதறிக் கிடந்திருக்கும்; வீட்டுக்கு வந்திருப்பது வேறு செய்தியாக இருந்திருக்கும்.

அடுத்த முறை பேருந்தில் ஏறும்போது இதை நினைவில் கொள்வோம்.